நிலாவுக்கு எவ்வளவு தூரம்?

இன்று இரவு வானம் தெளிவாக இருந்தால் வெளியே வாருங்கள். நிலாவைப் பாருங்கள். கைக்கு எட்டும் போலத் தெரிகிறது. மலை மேல் ஏறினால் தொட்டுவிடலாம் என்று நம் குழந்தைகள் நினைக்கிறார்கள்.

நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இந்த எண்ணைத்தான் ஒரு நாள் எங்கள் மையத்தில் கரும்பலகையில் எழுதினேன். எங்கள் மையம் கேரளத்தில், இடுக்கி மலையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், மாலை ஏழு மணிக்கு வகுப்பு. படிக்க வருபவர்கள் பெரும்பாலும் கொழுந்து கிள்ளும் பெண்கள்.

எல்லோரும் எண்ணைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஓர் அக்கா மட்டும் எழுதவில்லை.

"என்னக்கா, எழுதலையா?" என்று கேட்டேன்.

"தம்பி, இதை யாரு அளந்தது? எப்படி அளந்தாங்க?" என்று கேட்டார்.

"விஞ்ஞானிங்க அளந்தாங்க அக்கா."

"நாங்க கிள்ளுற கொழுந்தை எடை போடுறாங்க. தராசு முள்ளு எங்க கண்ணுக்குத் தெரியறதில்ல. ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. அவங்க எழுதுறதுதான் கணக்கு. இங்க இருக்கற கொழுந்துக் கணக்கே எனக்குத் தெரியல. நிலாக் கணக்கை மட்டும் எப்படி நம்புறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சிட்டு வந்து சொல்றேன் அக்கா" என்றேன். படித்தேன். மறுவாரம் சொன்னேன். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மலை பதில் சொல்லும்

நிலாவை அளக்கும் முன் நம் மலையை அளப்போம்.

பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று "ஓ" என்று கத்துங்கள். நம் குரல் எதிர் மலையில் போய் மோதும். திரும்பி வரும். அதுதான் எதிரொலி.

காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நாம் கத்தி இரண்டு நொடி கழித்து எதிரொலி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர் மலை எவ்வளவு தூரம்?

இரண்டு நொடி என்பது போகவும் வரவும் ஆன நேரம். போக ஒரு நொடி. வர ஒரு நொடி. அப்படியானால் மலை 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

நாம் பள்ளத்தில் இறங்கவில்லை. கயிறு பிடிக்கவில்லை. எதிர் மலைக்குப் போகவும் இல்லை. ஆனாலும் தூரம் தெரிந்துவிட்டது. இதற்கு இரண்டு விவரம் போதும்:

ஒன்று, போவதன் வேகம்.
இரண்டு, போய் வர ஆகும் நேரம்.

நேரத்தைப் பாதியாக்க வேண்டும். வேகத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒலி போகாது, ஒளி போகும்

நிலாவைப் பார்த்துக் கத்தினால் எதிரொலி வருமா? வராது. ஒலி போகக் காற்று வேண்டும். பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே காற்று இல்லை.

ஒளி போகக் காற்று தேவையில்லை. சூரிய ஒளி அப்படித்தான் நம்மிடம் வருகிறது.

ஒளியின் வேகம் மிக மிக அதிகம். ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். பூமியை ஒரு முறை சுற்றி வந்தால் 40,000 கிலோமீட்டர். ஒளி வளைந்து போக முடியுமானால் ஒரே நொடியில் பூமியை ஏழு முறைக்கு மேல் சுற்றிவிடும்.

நிலாவின் தூரத்தைக் கணக்கிடும் முயற்சி மிகப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஹிப்பார்க்கஸ் அதைக் கணக்கிட்டார். கிரகணத்தைக் கொண்டு கணக்கிட்டார். அவர் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் நிலாவுக்கு ரேடியோ அலையை அனுப்பினார்கள். ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும். ஏறக்குறைய இரண்டரை நொடியில் அலை திரும்பி வந்தது. 1962இல் லேசர் ஒளியை அனுப்பினார்கள். அதுவும் மோதித் திரும்பியது.

லேசர் என்பது தனி வகை விளக்கு. டார்ச் விளக்கின் ஒளி போகப் போக விரியும். லேசர் ஒளி அவ்வளவு விரியாது. நெடுந்தூரம் ஒடுங்கியே போகும்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. நிலா சுவர் போலத் தட்டையாக இல்லை. அது உருண்டை. அதில் மேடும் பள்ளமும் நிறைய. மேட்டில் பட்ட ஒளி முன்னால் வரும். பள்ளத்தில் பட்ட ஒளி பின்னால் வரும். எது சரியான நேரம்? சொல்ல முடியாது. நிலாவில் ஒரே இடத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு என்ன செய்வது? அங்கே ஒரு கண்ணாடி வைக்க வேண்டும்.

சைக்கிளின் சிவப்பு வில்லை

முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால் போதுமா? போதாது.

குழந்தைகள் வெயிலில் கண்ணாடியைப் பிடித்துச் சுவரில் ஒளி அடிப்பார்கள். கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஒளி வேறு பக்கம் ஓடிவிடும். நிலாவில் வைத்த கண்ணாடி சற்றுச் சாய்ந்தால் ஒளி பூமிக்கே வராது.

அறையின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவரும் தரையும் அங்கே சேர்கின்றன. அதுபோல மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு மூலை செய்ய வேண்டும். அந்த மூலைக்குள் எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் மூன்றிலும் பட்டு, வந்த வழியே திரும்பும்.

இதை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். சைக்கிளின் பின்னால் சிவப்பு வில்லை இருக்கும். இரவில் லாரி வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும். லாரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஓட்டுநர் கண்ணுக்கே ஒளி திரும்பும். அந்த வில்லையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன மூலைகள் நிறைய இருக்கும்.

1969 ஜூலை மாதம் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் இறங்கினார்கள். அவர்கள் போன விண்கலம் அப்பல்லோ 11. திரும்பும் முன் ஒரு பலகையைப் பூமியைப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்கள். அது ஏறக்குறைய ஒன்றரை அடிச் சதுரம். வரிசைக்கு 10 என்று 10 வரிசை. மொத்தம் 100 கண்ணாடி மூலைகள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு மலை மேல் லிக் வானாய்வகம் இருக்கிறது. அங்கிருந்து அந்தப் பலகையை நோக்கி லேசர் ஒளியை அனுப்பினார்கள். முதலில் பதில் வரவில்லை. விடாமல் முயன்றார்கள். 1969 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒளி திரும்பி வந்தது.

1971இல் அப்பல்லோ 14, அப்பல்லோ 15 பயணங்களிலும் இப்படிப் பலகைகள் வைத்தார்கள். 1970இலும் 1973இலும் சோவியத் நாடு நிலாவுக்கு லுனாகோட் என்னும் தானியங்கி வண்டிகளை அனுப்பியது. அவற்றிலும் இந்தக் கண்ணாடிகள் இருந்தன.

முதல் லுனாகோட் நின்ற இடம் சரியாகத் தெரியாமல் போயிற்று. 2010இல் நிலாவைச் சுற்றும் ஒரு விண்கலம் எடுத்த படத்தில் வண்டி தெரிந்தது. அந்த இடத்துக்கு லேசர் அனுப்பினார்கள். ஏறக்குறைய 40 ஆண்டு கழித்தும் கண்ணாடி பளிச்சென்று பதில் சொன்னது.

கோடியில் ஒன்று

பூமியிலிருந்து புறப்படும் லேசர் ஒளி ஒடுங்கியதுதான். ஆனால் நிலாவைத் தொடும்போது ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதில் கண்ணாடிப் பலகை மீது படுவது மிகச் சிறு பங்கு. திரும்பி வரும்போது ஒளி மறுபடியும் விரியும்.

ஒவ்வொரு முறையும் கோடி கோடியாக ஒளித்துகள்களை அனுப்புகிறார்கள். திரும்பிக் கிடைப்பது சில சமயம் ஒன்று, சில சமயம் இரண்டு. சில சமயம் ஒன்றும் இல்லை. அதனால் ஒரு நொடிக்குப் பல முறை அனுப்புகிறார்கள். பெரிய தொலைநோக்கி கொண்டு அந்த ஒன்றிரண்டைப் பிடிக்கிறார்கள்.

நாமே கணக்குப் போடுவோம்

ஒளி போய்த் திரும்ப ஆகும் நேரம் ஏறக்குறைய இரண்டரை நொடி.

பாதி: ஒன்றேகால் நொடி.
ஒரு நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்.
கால் நொடிக்கு 75 ஆயிரம் கிலோமீட்டர்.
மொத்தம் 3,75,000 கிலோமீட்டர்.

புத்தகம் சொன்னது 3,84,400. நமக்கு 9,400 குறைகிறது. ஏன்? நாம் நேரத்தைத் தோராயமாக எடுத்தோம். சரியாகச் சொன்னால் இரண்டரை நொடிக்குச் சற்று அதிகம். 2.56 நொடி.

பாதி: 1.28 நொடி.
1.28 × 3,00,000 = 3,84,000 கிலோமீட்டர்.

இப்போது கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது. நேரத்தில் ஒரு சிறு பிசகு. தூரத்தில் 9,000 கிலோமீட்டர் பிசகு! அதனால்தான் விஞ்ஞானிகள் நம் கைக்கடிகாரம் போன்றதை நம்புவதில்லை. ஒரு நொடியை 100 கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும். அதைவிடச் சிறிய நேரத்தையும் அளக்கும் கருவிகள் அவர்களிடம் உண்டு. இன்று நிலாவின் தூரத்தை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக அளக்கிறார்கள்.

நிலா விலகிப் போகிறது

நிலா எப்போதும் ஒரே தூரத்தில் இல்லை. ஒரு மாதத்துக்குள் கொஞ்சம் பக்கத்தில் வரும். கொஞ்சம் தள்ளிப் போகும். சில நாளில் 3,60,000 கிலோமீட்டருக்கும் குறையும். சில நாளில் 4,00,000 கிலோமீட்டரையும் தாண்டும். 3,84,400 என்பது சராசரி.

பல ஆண்டுகள் அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. இந்தச் சராசரித் தூரமும் கூடிக்கொண்டே போகிறது. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். அதாவது இரண்டு விரல் அகலம். நம் நகம் ஓர் ஆண்டில் வளரும் அளவு.

இது ஏன்? நிலா கடல் நீரை இழுக்கிறது. நீர் மேடாக எழும்புகிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்த நீர்மேடு நிலாவுக்குச் சற்று முன்னே போய்விடுகிறது. முன்னே இருக்கும் மேடு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. அதனால் நிலாவின் பாதை கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது.

பயப்பட வேண்டாம். நம் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகளும் இதே நிலாவைக் காட்டித்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள்.

நம் நாட்டுக் கலத்திலும் ஒரு கண்ணாடி

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி இந்தியாவின் சந்திரயான்-3 நிலாவின் தென் துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம். அதன் மேல் கிண்ணம் கவிழ்த்ததுபோல் ஒரு சிறு கருவி. அகலம் 5 சென்டிமீட்டர்தான். அதில் 8 கண்ணாடி மூலைகள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கொடுத்தது.

விக்ரம் சில நாள் வேலை செய்தது. பிறகு நிலாவின் குளிர்ந்த இரவு வந்தது. அதன்பின் அது விழிக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு மின்சாரம் வேண்டாம். 2023 டிசம்பர் 12ஆம் தேதி நிலாவைச் சுற்றும் நாசாவின் விண்கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து விக்ரமை நோக்கி லேசர் ஒளியை அனுப்பியது. ஒளி திரும்பி வந்தது. விக்ரம் இருக்கும் இடம் இப்படி உறுதியாகத் தெரியும். நாளை அங்கே இறங்கும் கலங்களுக்கு அது வழிகாட்டும் கல் போல இருக்கும்.

அக்காவின் நோட்டு

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அந்த அக்கா தானே கணக்குப் போட்டார். முதலில் பாதியாக்க மறந்துவிட்டார். ஏழு லட்சத்துக்கு மேல் வந்தது. "போக வரச் சேர்த்துட்டேன்" என்று சொல்லி அவரே திருத்தினார். பிறகுதான் 3,84,400 என்று நோட்டில் எழுதினார்.

"இப்ப நம்புறீங்களா அக்கா?"

"எப்படி அளந்தாங்கன்னு தெரிஞ்சிருச்சுல்ல. இனி நம்பலாம்."

மறுநாள் கொழுந்து எடை போடும்போது அவர் தராசு முள் தெரியும் பக்கம் வந்து நின்றார். எடையைப் படித்தார். கழித்ததையும் கேட்டார். இரண்டையும் தன் நோட்டில் எழுதினார். "என்ன எழுதுறே?" என்று கேட்டார்கள். "என் கணக்கு" என்றார். அந்த வாரம் மூன்று பேர் நோட்டு கொண்டுபோனார்கள். இப்போது எங்கள் மையத்தில் எல்லோரிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

1. பள்ளத்தாக்கில் கத்தினீர்கள். நான்கு நொடி கழித்து எதிரொலி கேட்டது. எதிர் மலை எவ்வளவு தூரம்?

2. மின்னல் வெட்டி ஆறு நொடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டியது? இங்கே நேரத்தைப் பாதியாக்க வேண்டுமா, வேண்டாமா? ஏன்?

3. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. 1969 முதல் 2019 வரை 50 ஆண்டில் எவ்வளவு விலகியிருக்கும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் வேலையில் எதை எதை அளக்கிறார்கள்? யார் அளக்கிறார்கள்? எப்படி அளக்கிறார்கள்? உங்களுக்கு அது தெரியுமா?