முதல் பேஸ் வரை ஓடாத பையன்

கேள்வி: ஐயா, பொன்முடி எஸ்டேட் லயத்துப் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறேன். அடிவாரத்துக்குப் போய்ப் பள்ளி அணிகளோடு ஆடுகிறோம். எங்களுடைய முதல்தர பேட்டர், பந்து ஃபீல்டரிடம் நேராகப் போனால் ஓடுவதில்லை, நடக்கிறான். போன ஆட்டத்தில் ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டும் இவன் அவுட். உட்காரவைத்தால் தோற்போம், அவனும் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவான் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், பொன்முடி

பதில்: உட்காரவையுங்கள், தம்பி. அதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கால் வலிக்கிறதா, காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். 22 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ஆடுகிற பிள்ளைகள். வலியும் இல்லை, பசியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த ஓட்டம் எதற்கு என்பதையும் அவனுக்குக் காட்ட வேண்டும். பெரியவர்கள் ஆட்டத்தில் முதல் பேஸ் 90 அடி. நன்றாக ஓடுகிறவன் நாலரை விநாடிக்குள் தொட்டுவிடுவான். அதற்குள் ஃபீல்டர் குனிந்து, பந்தை எடுத்து, நிமிர்ந்து எறிந்தாக வேண்டும். ஒருவன் உயிரைக் கொடுத்து ஓடிவருவது ஓரக்கண்ணில் பட்டாலே கை பதறும், எறி விலகும். உங்கள் பையனையே ஒரு நாள் ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தி, இன்னொருவனை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். நீங்கள் பேசிப் புரியவைக்க முடியாதது அங்கே புரியும்.

இந்தச் சிக்கல் பெரிய அணிகளுக்கும் வந்திருக்கிறது. 1969 ஜூலை 30 அன்று நியூயார்க் மெட்ஸின் இடது ஃபீல்டர் கிளியோன் ஜோன்ஸ் ஒரு பந்தை மெதுவாகத் துரத்தினார். அணியின் சிறந்த பேட்டர் அவர். மேலாளர் கில் ஹாட்ஜஸ் கையசைத்துக் கூப்பிடவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து, பிட்சரையும் தாண்டி, இடது ஃபீல்டுவரை நடந்தே போனார். இரண்டு வார்த்தை பேசினார். இருவரும் திரும்பி வந்தார்கள். காலில் அடி என்றுதான் வெளியே சொல்லப்பட்டது. அந்த ஆண்டு மெட்ஸ் உலகத் தொடரை வென்றது, கடைசி கேட்சைப் பிடித்தவர் அதே ஜோன்ஸ்.

எட்டு ஆண்டு கழித்து, 1977 ஜூன் 18 அன்று, யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் இதே காரணத்துக்காக ரெஜி ஜாக்சனை ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் கைகலப்பு வரை போனார்கள். யாங்கீஸும் அந்த ஆண்டு கோப்பையை வென்றதைச் சொல்லி மார்ட்டினுக்கு வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. அடுத்த ஆண்டே அவர் பதவியைவிட்டு விலக வேண்டி வந்தது. வெளியே எடுத்தது சரிதான், சபையில் அவமானப்படுத்தியது தவறு. பதின்வயதுப் பிள்ளைகளிடம் அது இன்னும் பெரிய தவறு.

நட்சத்திரம் என்று தயங்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் 21 வயது ரொனால்ட் அக்குன்யா, பந்து சுவரைத் தாண்டிவிடும் என்று நம்பி ஓடாமல் நின்றார். பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. ஒரு பேஸ்தான் கிடைத்தது. மேலாளர் பிரயன் ஸ்னிட்கர் அவரைப் பாதியிலேயே உட்காரவைத்தார். அன்று அணி ஜெயித்தது.

உங்கள் திருவனந்தபுரத்துப் பிள்ளை, கிரிக்கெட் வீரர் சஞ்சு சாம்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் யோ-யோ என்ற ஓட்டத் தேர்வில் 16.1 என்ற அளவைத் தொடாததால் இந்தியா ஏ அணியின் இங்கிலாந்துப் பயணம் கைநழுவியது. அது உடல்தகுதி, முயற்சியின்மை அல்ல. ஆனால் அளவு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முகமது ஷமியும் அதே அளவில்தான் தவறினார். சஞ்சு பிறகு தேறி வந்து, 2024இல் டி20 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

நீங்களும் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள்: பேட் செய்தவன் முதல் பேஸ் வரை ஓட வேண்டும், ஓடாதவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. அடிக்கத் தெரியாதவனை இதில் தண்டிக்காதீர்கள், ஓடாதவனை மட்டும். உங்கள் உறவுக்காரப் பையனாக இருந்தாலும் இதே விதிதான். விதியை மீறினால் அருகில் போய், தாழ்ந்த குரலில் சொல்லி அழைத்து வாருங்கள். மறுநாள் பயிற்சியில் பழையபடி அவனையே முதலில் பேட் பிடிக்கவிடுங்கள். அவன் அப்பாவிடம் ஆட்டம் நடந்த அன்று மாலையே நீங்களாகப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயிலாகவும் அவர் காதுக்குப் போக வேண்டாம்.