உறையுடை நச்சுயிரி உயிரணுவுள் புகும் வகை

நச்சுயிரி தனித்துப் பெருகும் ஆற்றலற்றது. பிறிதோர் உயிரணுவினுள் புகுந்தாலன்றி அதற்குப் பெருக்கமில்லை. ஆயின் உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வோ எளிதில் வழிவிடுவதன்று. இத்தடையை அது கடக்கும் வகையினை இன்புளுவென்சா நச்சுயிரியைக் கொண்டு காண்போம்.

இந்நச்சுயிரியும் ஒரு கொழுப்புறையைப் போர்த்துள்ளது. முன்னர்த் தான் பெருகிய உயிரணுவின் சவ்விலிருந்தே அவ்வுறையைப் பெற்றது. உறையின்மேல் ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் முட்கள்போல் நிற்கின்றது. அஃது உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றுகின்றது. உயிரணு தன் சவ்வை உட்குழித்து, நச்சுயிரியை ஒரு சிறு பையிலடைத்து உள்ளிழுக்கின்றது. பையினுள் அமிலத்தன்மை மிகுந்து பி.எச். அளவு 5-ஐ அண்மும்போது புரதம் வடிவம் மாறுகின்றது. அதுவரை மறைந்திருந்த அதன் முனை வெளிப்பட்டுப் பையின் சவ்வில் தைக்கின்றது. பின்னர்ப் புரதம் மடங்க, இரு சவ்வுகளும் நெருங்கி ஒன்றாகின்றன. அவ்வழியே மரபுப்பொருள் உட்செல்கின்றது.

ஸ்கெகல், வைலி முதலியோர் இப்புரதத்தின் முன்வடிவை 1981-லும், மாறிய வடிவை 1994-லும் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தனர்.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? கொரோனாவுக்கு எதிராக 2020-இல் வந்த தடுப்பூசிகள் சில, அதன் முட்புரதத்தை வடிவம் மாறுமுன் உள்ள நிலையிலேயே நிறுத்தி, உடலின் காப்பாற்றலுக்கு அடையாளம் காட்டின. சோப்பு நீரோ கொழுப்புறையையே குலைக்கின்றது. உறை குலைந்தால் நச்சுயிரிக்குப் புகும் வழியில்லை. கைகழுவும் சிறு செயலின் பின்னும் ஓர் அறிவியல் உண்டென மாணவர் உணர்வாராக.