கூரையில்லா வகுப்பு

கல்வி பயிலும் இடம் யாது என்று வினவினால், நாற்புறமும் சுவரெழுப்பி, மேலே ஓடு வேய்ந்து, நடுவே கரும்பலகையும் இருக்கைகளும் இட்ட அறையே என்று நம்மிற் பெரும்பாலார் தயங்காது விடையிறுப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும், கோடை விடுமுறையில் ஊரினின்றும் நெடுந்தொலைவிலுள்ள தீவிலும் மலைச்சாரலிலும் வானமே கூரையாகக் கல்லூரிப் பாடங்களைக் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளாக நிலவி வருகின்றது. அவ்வழக்கம் தோன்றிய வரலாற்றையும், அதன்கண் அமைந்த பெருமையையும், அதைத் தொடங்கியவரிடத்துக் காணப்பட்ட ஒரு பெருங்குறையையும், அக்குறை நீங்கும் வழியையும் நம் மாணவ நண்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கரையை அடுத்துள்ள பஸர்ட்ஸ் விரிகுடாவில் பெனிகீஸ் என்னும் சிறு தீவு ஒன்று உளது. நியூயார்க் நகரத்துப் புகையிலை வணிகராகிய ஜான் ஆண்டர்சன் என்பார் அத்தீவையும், அதனோடு 50,000 டாலர்ப் பொருளையும் ஒரு கோடைப்பள்ளி நிறுவுமாறு வழங்கினார். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் லூயி அகாசி. இவர் சுவிட்சர்லாந்தில் 1807-ஆம் ஆண்டு பிறந்தவர். பண்டைக்கால மீன்களின் கல்லுருக்களையும் பனியாறுகளையும் ஆராய்ந்து புகழெய்தியவர். பின்னர் அமெரிக்கா புகுந்து ஹார்வர்டில் பேராசிரியராய் அமர்ந்தவர். 1873-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அத்தீவிற் பள்ளி தொடங்கிற்று. ஏறக்குறைய ஐம்பதின்மர், ஆடவரும் மகளிருமாக, மாணாக்கராய் வந்து சேர்ந்தனர். அவருட் பெரும்பாலார் தாமே பிற பள்ளிகளில் ஆசிரியராய் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கட்டிடங்கள் முற்றுப்பெறவில்லை. தொழுவம் ஒன்றே துப்புரவு செய்யப்பட்டு உணவுச்சாலையாயிற்று. தொடக்க நாளில் அகாசி நீண்ட சொற்பொழிவு நிகழ்த்தும் முன், அனைவரும் வாய்திறவாது தத்தம் உள்ளத்துள்ளேயே இறைவனை வேண்டுமாறு கேட்டுக்கொண்டார். இந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு விட்டியர் என்னும் அமெரிக்கப் புலவர் பாடலொன்று இயற்றியுள்ளார்.

அப்பள்ளியிற் பாடநூலுக்கு முதலிடம் இல்லை. மாணாக்கர் படகேறிச் சென்று கடலடியை வாரிவந்தனர், அகப்பட்ட மீனையும் நத்தையையும் விண்மீன் வடிவினவான உயிர்களையும் கையிலெடுத்து நோக்கினர், நோக்கியதை வரைந்தனர். இம்முறை அகாசிக்குப் புதிதன்று. சாமுவேல் ஸ்கட்டர் என்னும் இளைஞர் பூச்சியினங்களை ஆராயும் விருப்புடன் அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தபொழுது, ஆசிரியர் ஒரு மீனை அவர்முன் வைத்து, இதனை நோக்குக என்று கூறிச் சென்றுவிட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடி முதலிய கருவி எதுவும் கூடாது என்பது கட்டளை. பத்து மணித்துளியில் யாவும் கண்டுவிட்டதாக ஸ்கட்டர் எண்ணினார். ஆசிரியரோ வரவில்லை. வேறு செயலின்மையின் மீனை வரையத் தொடங்கினார். வரையுந்தோறும் முன்னர்க் காணாதன பல புலப்பட்டன. மீண்டு வந்த ஆசிரியர் அவர் கூறியதைக் கேட்டு, மிகத் தெளிவாய்க் கிடக்கும் ஒன்றை இன்னும் காணவில்லை என்று மீண்டும் நோக்குமாறு பணித்தார். உறுப்புக்கள் இருபுறமும் இணையிணையாய் அமைந்திருத்தலே அஃதென்பது மறுநாட் காலையிலேதான் மாணாக்கர்க்கு விளங்கிற்று. இங்ஙனம் மூன்று நாள் அவ்வொரு மீனே பாடமாயிற்று. ஸ்கட்டர் பின்னாளில் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிற் பெரும்பெயர் பெற்றார். இவருடைய உடன்பிறந்தாராகிய டேவிட் ஸ்கட்டர் நம் தமிழ்நாட்டுக்கு மதுரை மிஷன் ஊழியராய் வந்து, 1862-ஆம் ஆண்டு ஆற்றில் மூழ்கி இறந்தவர் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

நிற்க. அகாசி பள்ளி தொடங்கிய அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். அவர் மகனார் அலெக்ஸாண்டர் 1874-ஆம் ஆண்டுக் கோடையில் அதனை நடத்தினார். அதன்பின் பள்ளி மூடப்பட்டது. இரண்டே கோடை வாழ்ந்த பள்ளி அது. ஆயினும் விதை மடிந்தன்றோ முளை தோன்றுகின்றது! அகாசியின் மாணாக்கராகிய ஆல்பியஸ் ஹையாட் என்பார் 1881-ஆம் ஆண்டு அன்னிஸ்குவாம் என்னுமிடத்திற் கடற்கரை ஆய்வுக்கூடம் ஒன்று அமைத்தார். 1888-ஆம் ஆண்டு, பெனிகீஸ் தீவுக்கு அணித்தாய வுட்ஸ்ஹோல் என்னும் ஊரில் கடல்வாழ் உயிரியல் ஆய்வுக்கூடம் தோன்றிற்று. பெனிகீஸில் 1874-ஆம் ஆண்டு பயின்ற கொர்னீலியா கிளாப் என்னும் அம்மையார் அங்கு முதற்கோடையிலேயே சென்று ஆராய்ந்தவருள் ஒருவர். அக்கூடம் இன்றும் உலகறிய விளங்குகின்றது.

இதுகாறும் பெருமை கூறினோம். இனிக் குறையும் கூறுதல் முறை. நோக்குக, மீண்டும் நோக்குக என்று பிறர்க்குப் போதித்த அகாசி, தாம் எல்லாவற்றையும் நேர்மையாய் நோக்கினாரா? இல்லை என்றே வருத்தத்துடன் சொல்ல வேண்டியுளது. உயிரினங்கள் ஒன்றினின்று ஒன்று மாறித் தோன்றின என்று 1859-ஆம் ஆண்டு டார்வின் வெளியிட்ட கொள்கையை அவர் இறுதிவரை ஏற்றாரில்லை. அவர் சேர்த்த மீன்களே அக்கொள்கைக்குச் சான்று பகரவும் அவர் செவி சாய்க்கவில்லை. இறைப்பற்றே இதற்குக் காரணம் என்பாரும் உளர், அது பொருந்தாது. அதே ஹார்வர்டிற் செடிநூற் பேராசிரியராயிருந்த ஏசா கிரே உறுதியான கிறிஸ்தவர். அவரே அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவர்.

இதனினும் கொடியது மற்றொன்று. மக்களினங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டன என்றும், கறுப்பினத்தார் தாழ்ந்தவர் என்றும் அகாசி நம்பினார். 1850-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்துக் கொலம்பியா நகரில், தம் கொள்கைக்குச் சான்றாக, அடிமைகளாயிருந்த ஆடவர் மகளிர் எழுவரை ஆடை களைந்து நிறுத்தி நிழற்படம் எடுக்கச் செய்தார். அவருள் ரென்ட்டி என்பார் தந்தை. டீலியா என்பாள் அவர் மகள். நெடுங்காலம் மறைந்துகிடந்த அப்படங்கள் 1976-ஆம் ஆண்டு ஹார்வர்டின் அருங்காட்சிச்சாலையில் மீண்டும் கிடைத்தன. தந்தையையும் மகளையும் அந்நிலையில் நிறுத்தச் செய்தவர், அவர்தம் முகத்தை நோக்கினாரல்லர். தம் முடிவையே நோக்கினார். ஒரு மீனுக்கு மூன்று நாள் அளித்தவர், ஒரு மனிதனுக்கு அத்துணைப் பொறுமையும் அளித்திலர். எல்லா மக்களும் ஓரிரத்தத்தினின்று தோன்றியவர் என்று ஓதி வளர்ந்த நமக்கு இது மிகவும் துயர் தருவது. இது வெறும் பழிகூறலன்று, நமக்கே எச்சரிக்கை. கண்ணுண்டு என்பதனாற் காட்சி உண்டாகாது. முடிவை முன்னரே வகுத்துக்கொண்டவன் திறந்த வெளியில் நின்றாலும் சுவருக்குள்ளேயே நிற்கின்றான்.

ஆயின் இக்குறை நீங்கும் வழி யாது? ஒருவர் கண்ணை மட்டும் நம்பாது, பலர், பலகாலம், ஒரே முறையில் நோக்கி, நோக்கியதை எவரும் சரிபார்க்குமாறு எழுதிவைத்தலே அவ்வழி. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கொலராடோ மாநிலத்தில் உளது. ராக்கி மலைத்தொடரில் 9,500 அடி உயரத்தில் கோதிக் என்னும் ஊர், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பி விரைந்தெழுந்து, வெள்ளி பொய்த்ததும் விரைந்து வெறிச்சோடிற்று. கைவிடப்பட்ட அவ்வூரில் 1928-ஆம் ஆண்டு ஜான் ஜான்சன் என்னும் கல்லூரிப் பேராசிரியர் ராக்கி மலை உயிரியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். குளிர்காலத்தில் அவ்வூர்ப் பாதை பனியால் மூடுண்டு கிடக்கும். கோடையில் மாணாக்கர் வந்து, மரக்குடில்களில் தங்கி, புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் பாடங் கேட்டு, ஆசிரியர் ஒருவர் துணையுடன் தாமே ஓர் ஆராய்ச்சியையும் செய்கின்றனர்.

அங்கு மார்மட் என்னும் விலங்குகளை 1962-ஆம் ஆண்டு முதல் தனித்தனியே அடையாளமிட்டுக் கவனித்து வருகின்றனர். அணிலினத்தைச் சார்ந்த இவை ஆண்டில் ஏழெட்டுத் திங்கள் வளையுட் கிடந்து உறங்குவன. தாய் இன்னது, சேய் இன்னது என்று தலைமுறை தலைமுறையாய்க் குறிப்பு உளது. மலர்களின் செய்தி இன்னும் வியப்புடைத்து. 1970-களின் தொடக்கத்தில், தாம் இன்னும் மாணாக்கராயிருந்த காலத்தே, டேவிட் இனூயே என்பார் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட சதுரங்களை வகுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அவற்றினுட் பூத்த மலர்களை எண்ணத் தொடங்கினார். ஒரு கோடையோடு அவர் நிறுத்தினாரல்லர். உடன் உழைத்தாரும் ஓய்ந்தாரல்லர். 1974 முதல் 2012 வரை எண்ணப்பட்ட மலர்கள் இருபது லட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றை ஒருங்கு நோக்கியபொழுது, அம்மலையிற் பூக்கும் பருவம் முன்னையினும் ஒரு திங்களுக்கு மேல் நீண்டுவிட்டது என்பது 2014-ஆம் ஆண்டு வெளியாயிற்று. உலகு வெப்பமடைதலின் பனி முந்தி உருகுகின்றது. செடி முந்தித் தளிர்க்கின்றது.

பருவம் நீண்டால் நன்மைதானே எனின், அன்று. முந்தி அரும்பிய மொட்டுக்கள் பின்வரும் உறைபனியில் அகப்பட்டுக் கருகுகின்றன. அங்குள்ள ஒருவகைச் சூரியகாந்தியின் மொட்டுக்களில், 1992 முதல் 1998 வரை சராசரி நூற்றுக்கு 36 கருகின. 1999 முதல் 2006 வரையிலோ நூற்றுக்கு 74 கருகின. ஒரு கோடை மட்டும் அங்குத் தங்கிய மாணாக்கன் கருகிய மொட்டைக் கண்டால், இவ்வாண்டு குளிர் கொடிது என்று கூறிப் போயிருப்பான். அவன் கண்டது பொய்யன்று. ஆயினும் முழு மெய்யன்று. அவனுக்கு முன் எண்ணியவர் ஏடும், அவனுக்குப் பின் எண்ணுவார் ஏடும் சேர்ந்தே அதனை மெய்யாக்குகின்றன. இவ்வெண்களை எவருடைய விருப்பு வெறுப்பும் மாற்றவியலாது. ஐயுற்றவன் தானே சென்று எண்ணிப் பார்க்கலாம். அகாசியிடம் இல்லாத காப்பு இதுவே.

இனி, தமிழ் பயிலும் எமக்கு மலையிலும் மலரிலும் யாது வேலை என்று நண்பர் வினவக்கூடும். ஐந்திணைக்கும் உரிய பூவும் மரமும் புள்ளும் யாவை என்று தேர்வுத்தாளில் யாம் பிழையின்றி எழுதுவோம். ஆயின் ஞாழலைக் காட்டுக, நொச்சியைக் காட்டுக என்று ஒருவர் கேட்பின், எம்மிற் பலர் தலைகுனிதல் ஒருதலை. சங்கச் சான்றோர் கண்டு பாடியதை யாம் காணாது ஓதுகின்றோம். மேலும், நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறையே பூக்கும். 2006-இல் மூணாற்று மலைகளிற் பூத்தது 2018-இலேயே மீண்டும் பூத்தது. மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வில் அதனைக் காணாதே செல்வோர் பலர். காணாதவர்க்காகக் கண்டவர் எழுதிவைத்தல் வேண்டும்.

ஆதலின் நம் மாணவ நண்பர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிது. மலையேறப் பொருளும் விடுமுறையும் வாயாதெனினும், நாள்தோறும் நாம் கடந்து செல்லும் மரங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். அது தளிர்த்த நாள், அரும்பிய நாள், பூத்த நாள், காய்த்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். நாம் விரும்பியதையன்று, கண்டதையே எழுதுவோம். மூன்றாண்டு கழிந்து வெளியேறும்பொழுது அவ்வேட்டை நம் பின்வரும் தம்பி தங்கையர் கையிற் கொடுத்துச் செல்வோம். நாம் எழுதியது தவறாயின், அவர்கள் அதனைத் திருத்துக. அங்ஙனம் திருத்தப்படுதலும் கல்வியின் ஒரு பகுதியேயாம்.