நம்மைக் காக்க அடித்தால் குற்றமா?

"கையைப் பிடிச்சு இழுத்தவனை அடிச்சா நம்ம மேலதான் கேஸ் வரும்"னு எங்க தெருவுல சொல்றாங்க. அது தப்பு தோழிகளே! 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 'பொது விதிவிலக்குகள்' என்று ஒரு பகுதி இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதன்படி தற்காப்புக்காகச் செய்வது குற்றமாகாது. கூட வரும் தோழியையும் காப்பாற்றலாம். கடத்தவோ, ஆசிட் வீசவோ வந்தவன் அதில் செத்தே போனாலும் குற்றமில்லை. (ஆசிட்டை 2013-ல்தான் சேர்த்தார்கள். இவ்வளவு லேட்டா?)

ஆனால் அளவு உண்டு. கிண்டல் பண்ணியவன் தலையில் கல்லைப் போடக் கூடாது. ஆபத்து நீங்கி அவன் ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது பழிவாங்கல். போலீசில் சொல்ல நேரமிருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆளில்லாத வயல் பாதையில் அதுக்கு ஏது நேரம்?