பழைய சொகுசுக் கார் வாங்கலாமா?



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பிரிவுக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் கல்லூரிக் கட்டணம், பிரசவச் செலவு, தையல் மெஷின், தள்ளுவண்டி ஆகியவற்றுக்காகவே இருக்கும். சென்ற ரமளானுக்குப் பிறகு வந்த ஒரு மனு நம்மை யோசிக்க வைத்தது. கார் கியர்பாக்ஸ் பழுதுபார்க்க 1,60,000 ரூபாய் வேண்டும் என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். அவர் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, நடந்ததை இங்கே எழுதுகிறோம். ஏனெனில் நம் பகுதியில் இன்னும் நான்கைந்து குடும்பங்களில் இதே பேச்சு நடப்பது நமக்குத் தெரியும்.

அவர் சவூதியில் ஒன்பது ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். கார் ஓட்டுவதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஓட்டியது முதலாளியின் வண்டி. அது சர்வீஸுக்குப் போகும், வரும். பில் ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை. ஊர் திரும்பியதும் ஒரு கன்சல்டிங்கில் 2014 மாடல் ஜெர்மன் டீசல் கார் ஒன்றைப் பார்த்தார். புதிதாக வாங்கியபோது 45 லட்சத்துக்கு மேல். இப்போது எட்டரை லட்சம். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். வங்கிக் கடன் என்றால் வட்டி. அது வேண்டாம் என்று உறுதியாக இருந்தார், அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். சேமிப்பு ஐந்தரை லட்சத்தோடு, மனைவியின் நகையை விற்ற மூன்று லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஏழாவது மாதம் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது வண்டி உதறத் தொடங்கியது. கம்பெனி சர்வீஸில் சொன்ன மதிப்பீடு 3,80,000. வெளி மெக்கானிக் சொன்னதுதான் நம்மிடம் வந்த மனுவில் இருந்த தொகை.

அந்த மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது கியர்பாக்ஸின் கணினியில் பதிவாகியிருந்த ஓட்டம் 2,10,000 கிலோமீட்டர்.

விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 45 லட்சம் ரூபாய் வண்டி எட்டரை லட்சத்துக்கு வந்தாலும், அதன் பிரேக் டிஸ்க்கும் இஞ்செக்டரும் ஹெட்லைட்டும் இன்னும் 45 லட்சம் ரூபாய் வண்டியின் உதிரிபாகங்கள்தான். அவற்றின் விலை வண்டியின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. எட்டரை லட்சத்துக்குப் புதிய மாருதி வாங்கியவரின் பராமரிப்புச் செலவோடு இதை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

அதிக தூரம் ஓடிய வண்டி என்பதே குற்றமில்லை. நான்குவழிச் சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டி, வீட்டு வாசலில் வெயிலில் நின்றே கெட்ட 60,000 கிலோமீட்டர் வண்டியைவிட நல்லதாக இருக்கலாம். ஓடிய தூரத்தோடு பராமரிப்புச் சீட்டும் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்கப் போதும் என்று கார் கம்பெனிகள் சொல்வதுண்டு. ஆனால் பி.எம்.டபிள்யூ உட்படப் பலருக்கும் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் உரிமையாளர் மாற்றியிருக்க மாட்டார், ஏனென்றால் அதற்குள் விற்றுவிடுவார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவதாக வாங்கும் நம் தலையில்தான் அது விடியும்.

2007 முதல் வந்த பி.எம்.டபிள்யூ என்47 டீசல் இஞ்சினில் டைமிங் செயின் இஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது தேய்ந்து சத்தம் கொடுத்தால், மாற்றுவதற்கு வழக்கமாக இஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றவேண்டும். செயின் அறுந்தால் இஞ்சினே போய்விடும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இரவில் நின்று காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காற்றுப்பை கசிகிறது என்று பொருள். பசுமலையிலிருந்து பெரியார் நிலையம் வரை மட்டுமே தினமும் ஓடும் டீசல் காரில், புகைவடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் போகாதவருக்கு இந்த டீசல் வண்டி பொருத்தமே இல்லை என்பது நம் கருத்து.

ஏன் இவ்வளவு மலிவு?

விற்பவரிடம் இதை வெட்கப்படாமல் கேளுங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பின் அங்கிருந்து நல்ல வண்டிகளும் மலிவாக வெளிமாநிலங்களுக்கு வந்தன. இது நியாயமான காரணம். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, நம் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்து, தமிழ்நாட்டின் ஆயுள் வரியையும் கட்டும்வரை அந்த வண்டி முழுதாக நம்முடையது ஆகாது. கன்சல்டிங்கில் சொல்லும் விலையில் இந்த வரி இருக்காது. வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

நியாயமில்லாத காரணங்களும் உண்டு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை திரவியம் அடித்து வேறு ஊரில் விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு இருக்கும். கால்மிதிக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில், பூட்டானிலிருந்து கடத்திவந்து போலி ஆவணங்களில் பதிவு செய்யப்பட்டதாகச் சொல்லி விலையுயர்ந்த பழைய வண்டிகள் பலவற்றைப் பிடித்தது. பிரபலங்களின் வீடுகளிலேயே சோதனை நடந்தது. விவரம் தெரியாமல் வாங்கினேன் என்று சொன்னாலும் அந்தச் சமயத்தில் வண்டி வாசலில் நிற்காது.

எனவே பணம் கொடுக்கும் முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம் நீங்கியதா, காப்பீடு எதுவரை, அபராதம் நிலுவையில் உண்டா என்று பார்த்துவிடுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸில் பழைய பதிவு கேளுங்கள்; அங்கே எழுதியிருக்கும் கிலோமீட்டர் மீட்டரைக் காட்டிக்கொடுக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். விற்பவர் தெரிந்த மெக்கானிக்கிடம் அல்ல, நமக்குத் தெரிந்தவரிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நாமே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கப்பலூர் வரை அரைமணி நேரம் ஓட்டாமல் எந்த ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றியும் முடிவு சொல்ல முடியாது.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். விற்றவர், வாங்கியவர் இருவருக்குமே இது பொருந்தும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு தனியாகக் கையில் இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வோம். நகை விற்று வாங்கினால் அந்தக் கையிருப்பு எங்கிருந்து வரும்? அந்த நகை மனைவியின் சொத்து என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

சகோதரரின் மனுவை நாம் ஏற்கவில்லை. அந்த மாதம் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருவர் காத்திருந்தனர். மறுத்ததில் நமக்கும் வருத்தம்தான்; அவருக்குக் கோபமும் இருந்தது. பிறகு வண்டியை விற்க முடிவு செய்தார். கியர்பாக்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் ஏழு லட்சம் வரும் என்று புரோக்கர் ஆசை காட்டினார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் அவருக்குத் தெரியும். வந்தவரிடம் ஸ்கேனர் அறிக்கையையே கையில் கொடுத்தார். மூன்று பேர் திரும்பிப் போனார்கள். நான்காவதாக வந்தவர் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். நாலே முக்கால் லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். அதில் மூன்று லட்சத்தை மனைவியின் நகைக்கென்று அன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டார்.