வெட்டிவேர்த் தைலமும் வரப்புக் காவலும்

வெட்டிவேர் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிய சரக்கன்று. கோடையில் அதன் தட்டியைக் கட்டி நீர் தெளிப்பதும், பானைத் தண்ணீரில் வேர்முடிச்சு இடுவதும் நெடுநாளைய வழக்கங்கள். இவ்வேரினின்று வடிக்கப்படும் தைலத்துக்கு இக்காலத்தில் வாசனைச் சிகிச்சையிலும் கிராக்கி உண்டாயிருப்பதால், அதைப் பயிரிட விரும்புவோர் சில விஷயங்களை அறிந்துகொள்வது அவசியம்.

தைலத்தின் உபயோகம்

இத்தைலம் கெட்டியானது, மெதுவாகவே ஆவியாவது. ஆகையால் பிற வாசனைகள் விரைவிற் பறந்துபோகாமல் நிறுத்துவதற்கு அத்தர், சோப்பு முதலியன செய்வோர் இதனைச் சேர்க்கின்றனர். வாசனைச் சிகிச்சையில் இது மன அமைதிக்காகவும் உறக்கத்திற்காகவும் முகரப்படுகிறது; உடலில் தேய்க்கவும்படுகிறது. தேய்ப்பதாயின் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு 2 துளி போதுமானது. தனித் தைலத்தைத் தோலில் பூசலாகாது, உட்கொள்ளவும் கூடாது. மனத்துக்கு இதமளிப்பது உண்மையேயாயினும், நோயைத் தீர்க்கும் மருந்தென்று இது நிரூபிக்கப்படவில்லை.

சாகுபடியும் வடித்தலும்

தென்னாட்டு வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. தூர்களைப் பிரித்தே நடவேண்டும். கடலூர்க் கடற்கரையிலுள்ளது போன்ற மணற்பாங்கான பூமியில் வேர் அறாமல் தோண்டுதல் எளிது. நட்ட 15 முதல் 18 மாதங்களில், மழையற்ற பருவத்தில், வேரை எடுத்தல் நலம். வேரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, நறுக்கி, நீராவியில் வடிக்கவேண்டும். தைலம் எளிதில் வெளிவராதாகையால் ஒரு வடிப்புக்கு ஒரு நாள் வரையிலும் செல்லும். உலர்ந்த வேர் 100 கிலோவுக்குத் தைலம் ஏறக்குறைய 1 கிலோவே கிடைப்பதால், விறகுச் செலவையும் கூலியையும் கணக்கிட்ட பின்னரே இத்தொழிலில் இறங்கவேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

வெட்டிவேரின் மற்றொரு பெரும்பயன் மண்ணைக் காத்தலாகும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்ட வரிசை, ஓடும் மழைநீரைத் தடுத்து வண்டலைத் தங்கச் செய்யும்; வேர் சுமார் 3 மீட்டர் வரை நேர்கீழாக இறங்கி வரப்பைக் கட்டும். ஆனால், தைலத்தின் விலையைக் கண்டு இவ்வரிசையைத் தோண்டினால், இளகிய மண் அடுத்த மழையிலேயே கரைந்துபோகும். வேர் விற்ற பணம், பறிபோன மேல்மண்ணுக்கு ஈடாகாது. ஒரே வரிசை இவ்விரண்டு பயனையும் தராது.

ஆதலின், தைலத்துக்குரிய பயிரைச் சமமான தனி வயலில் நடுவதும், வரப்பிலுள்ள வரிசையினின்று புல்லை மட்டும் அறுத்துக் கூரைக்கும், இளம்புல்லைக் கால்நடைக்கும் பயன்படுத்துவதும் தகுதியான முறை. ஏரிக்கரை, வாய்க்கால் கரைகளில் வேர் தோண்டுதலைக் கிராம அதிகாரிகள் தொடக்கத்திலேயே தடுத்தல் வேண்டும்; கரை உடைந்தால் நஷ்டம் ஒருவருக்கன்று, ஆயக்கட்டு முழுமைக்குமாம்.