முட்டுக்கட்டையைக் கவனி



மரம் வளைக்கப் பிவிசி குழாயிலேயே நீராவிப் பெட்டி செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதைத் தூக்கிப் போடு. நூறு டிகிரி ஆவியில் மரத்துக்கு முன்னால் குழாய் வளைந்துவிடும். நாலு பலகையை அடித்துப் பெட்டியாக்கு. வாய்க்குக் கதவு வேண்டாம், பழைய சாக்கைத் திணி. ஆவி கசிந்துகொண்டேதான் இருக்க வேண்டும், இறுக்கி அடைத்தால் ஆபத்து. பெட்டியைச் சற்றுச் சாய்த்துத் தாழ்ந்த முனையில் ஒரு துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். ஆவிக்கு வைத்த குக்கரிலிருந்து வரும் ரப்பர் குழாய் நடுவில் தொங்கக் கூடாது. தொங்கும் இடத்தில் நீர் தேங்கி ஆவிக்கு வழி அடைபடும், அப்புறம் குக்கர் கதை வேறு.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மீதி நேரத்தை, வளைக்கும்போது மரத்தின் வெளிப்புறம் கட்டும் தகட்டுப் பட்டைக்கு வைத்துக்கொள்.

வெந்த மரத்தை நெருக்கினால் நன்றாகச் சுருங்கும். இழுத்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு நீள்வதே பெரிய பாடு. வெளிவளைவு பிளப்பது அதனால்தான். வியன்னாவின் மைக்கேல் தோனெட் கையாண்ட உபாயம், வெளிப்புறம் இரும்புப் பட்டையைக் கட்டி, அந்தப் பக்கத்தை நீளவிடாமல் பிடித்து, உட்புறத்தைச் சுருங்கவைப்பது. 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலியின் முதுகு அப்படி வளைந்த பீச் மரம்தான்.

உனக்கு ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு போதும். வெறும் இரும்பு வேண்டாம். துவர்ப்புள்ள மரத்தில் பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். பார்சல் கட்டும் பட்டையும் வேண்டாம், போல்ட் துளையில் கிழிந்துவிடும். தகட்டின் இரு முனையிலும் கெட்டியான மரத்துண்டுகளை முட்டுக்கட்டையாக முடுக்கு. மரத்தின் முனை அவற்றில் அழுந்தி உட்கார வேண்டும். நெல்மணி அளவு சந்து இருந்தாலும் ஆப்பு வைத்து மூடு. விட்ட சந்துக்கு ஈடாக வெளிப்பக்கம் நீண்டாக வேண்டியிருக்கும். இவ்வளவு சொன்ன பிறகும் இதை அவசரத்தில் செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது பொதுக்கணக்கு. வெளியே எடுத்தால் அரை நிமிடத்துக்குள் அச்சில் ஏறியிருக்க வேண்டும். கையுறையும் கிளாம்பும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

சூளையில் உலர்த்திய மரத்தில் தொடங்காதே. காற்றில் காய்ந்த, ரேகை நேராக ஓடும் மல்பெரி கிடைத்தால் நல்லது. ஜலந்தரில் மர ஹாக்கி மட்டையின் கொக்கியை வளைப்பது அதில்தான்.

உடைந்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாமல் எனக்கு அனுப்பு. வெளிப்பக்கம் சிலாம்பு எழுந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது; உட்பக்கம் மடிப்பு விழுந்திருந்தால் நெருக்கம் மிஞ்சியிருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.